உதிர்ந்தால் ஒரு நியாயம், உலுக்கினால் ஒரு நியாயம்

நெய்வேலியில் கால் வைத்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு முருங்கை மரத்தின் சொந்தக்காரியைத் திருடி என்று விரட்டியதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஈப்போக்காரி. பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்திப் பல வருஷம் ஓட்டியவள். வரிசையில் நிற்பது யார், குறுக்கே புகுந்தது யார் என்று பார்த்துப் பார்த்துக் கண்ணும் வாயும் அதற்கே பழகிவிட்டன. என் சித்தி மகள் பவானி நெய்வேலியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுப்பையா சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. இந்தச் சித்திரையோடு ஓய்வு. விழாவுக்கு நீ வராமல் முடியாது என்று பவானி போனில் அழுதாள். யாராவது அழுதால் நான் எங்கும் கிளம்பிவிடுவேன்.

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸில் நன்றாகத் தூங்கிப்போனேன். கண்டக்டர் தட்டி எழுப்பி இறக்கிவிட்ட இடம் மந்தாரக்குப்பம். கடையும் தூசியும் பரோட்டாக் கல் சத்தமுமாக இருந்தது. பவானி போனில் சொன்ன மரமும் நிழலும் எங்கே என்று தேடினேன். ஆட்டோக்காரர், "டவுன்ஷிப்பத் தாண்டி வந்துட்டீங்கம்மா. எந்த பிளாக்?" என்று கேட்டார். பவானி வீடு என்றேன். "வூட்டுப் பேரு சொன்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாது, பிளாக் நம்பரு சொல்லுங்க" என்றார். மனிதர்களுக்குப் பதில் எண்களைத் தெரிந்துவைத்திருக்கும் ஊர் எனக்குப் பிடித்துப்போனது. இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நம்பினேன்.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் பாதியாகக் குறைந்தது. தெருவெல்லாம் மரம். ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் கொல்லையிலும் பலாவோ மாவோ முருங்கையோ நின்றது. பவானி கட்டிப்பிடித்து அழுதாள், மோர் கொடுத்தாள், குளிக்கப் போனாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அப்போதுதான் அந்தப் பெண்மணி பின்கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், ஒரு சிரிப்புச் சிரித்தார், கையில் இருந்த தொரட்டியை முருங்கைக் கிளையில் மாட்டினார்.

சும்மா இருப்பேனா? கேண்டீன் குரலை எடுத்து ஒரு சத்தம் போட்டேன். அவர் பயப்படவே இல்லை. கீரையை மடியில் கட்டிக்கொண்டு, காயையும் நாலு பறித்துக்கொண்டு, "பவானிகிட்ட வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று சாவகாசமாக நடந்தார். நான் கேட் வரை துரத்தினேன். பவானி ஈரத் தலையோடு ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.

"அக்கா, மானத்தை வாங்காதே. அது அவங்க மரம்."

"உன் வீட்டுக் கொல்லையில் நிற்கிறதே?"

"வீடு கம்பெனியோடது. மரம் வச்சவளோடது. நாங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க இங்கதான் குடியிருந்தாங்க. இப்ப வேற பிளாக். மரத்தைத் தூக்கிட்டா போக முடியும்?"

"அப்படியானால் நீ சாம்பாருக்கு என்ன செய்வாய்?"

"நானும் பறிச்சுக்குவேன். ஆனா அவங்க வந்தா அவங்களுக்குத்தான் முதல்ல. என் கறிவேப்பிலை பழைய குவார்ட்டர்ஸ்ல நிக்குது. நான் அங்க போய்ப் பறிச்சுட்டு வருவேன். அந்த வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் இந்த ஊரில் ஒருத்தியுடைய மரம் ஒன்றுகூட அவள் குடியிருக்கும் வீட்டில் இல்லையா? சுப்பையாவிடம் கேட்டேன். மனிதர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அது பொம்பளைங்க சமாச்சாரம் மதினி" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த முருங்கையிலிருந்து ஒரு காய் அவர் பறித்ததில்லையாம். உயரத்தில் இருந்தால்? யாராவது ஒரு பெண் கேட்டுக்கொண்டால் ஏணி போட்டுப் பறித்துக் கொடுப்பாராம். கேட்காமல் பறித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலையே, யாரும் செஞ்சதில்லை" என்றார்.

மாலையில் என்னைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். திருடி கதை அதற்குள் தெரு முழுக்கப் போயிருந்தது. சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். மதுரைக்காரி, வெள்ளிக்கிழமை முருங்கையைத் தொடக்கூடாது என்றாள். கோயம்புத்தூர்க்காரி, வெள்ளிக்கிழமை பரவாயில்லை, விளக்கு வைத்த பிறகுதான் கூடாது என்றாள். வெற்றிலைக் கொடிக்கால் ஊரிலிருந்து வந்த ஒருத்தி, எங்கள் பக்கம் பெண்கள் கொடிக்காலுக்குள்ளேயே போகக்கூடாது, இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை என்றாள். எல்லா மாவட்டத்துக்காரர்களும் வேலைக்கு வந்த இடம். வரும்போது அவரவர் சட்டத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிவாக வரிசைப்படுத்தப் பார்த்தேன். இரண்டு சட்டம் சேர்ந்தால் மூன்றாவது அதை உடைத்தது.

மறுநாள் காலை அஞ்சலை வந்தாள். பவானி வீட்டில் பாத்திரம் கழுவி, வீடு துடைத்துக் கொடுப்பவள். கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். நாற்பது வயதிருக்கும், புருஷன் இறந்துபோனவள், ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். அன்று அந்தக் குரல் எழும்பவில்லை. ஒரே பாத்திரத்தை மூன்று தடவை தேய்த்தாள். பவானி கேட்டதும் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க மாமா மொத்தமா ஒலுக்கிடப் போறேன்றாரும்மா. ஒண்ணு கூட தானா வுழ வுட மாட்டாராம்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பவானி எனக்காக அவளை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

மாமா என்றால் அஞ்சலையின் புருஷனுக்கு அண்ணன், கலியபெருமாள். குடும்பத்துக்கு ஒரு முந்திரித் தோப்பு உண்டு. அவர் பேரில்தான் இருக்கிறது. "மரத்துல இருக்கறது ஆம்பளைங்களுது. தொரட்டி போட்டு ஒலுக்குவாங்க, மூட்டை கட்டுவாங்க, விப்பாங்க. தானா வுழுந்தது அந்த வூட்டு பொம்பளைங்களுது. அத்த ஆம்பள தொட மாட்டான், எவ்ளோன்னு கேக்கவும் மாட்டான்" என்றாள் அஞ்சலை. அவள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவளும் கலியபெருமாளின் மனைவி தனமும்தான் அந்தத் தோப்பில் பொறுக்குகிறார்கள். புருஷன் போன பிறகும் அது நிற்கவில்லை.

"சிறுவாடு, அக்கா. பொம்பளைங்க கைச்செலவுக்கு அதுதான்" என்றாள் பவானி.

ஆனால் அஞ்சலையின் அழுகை கைச்செலவுக்காக இல்லை. தோப்பும் வீடும் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டுவிட்டன. இந்த வருஷ முந்திரிதான் கடைசி. கலியபெருமாள் புது மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அஞ்சலையின் குடிசையும் அதே இடத்தில் நிற்பதுதான், அதுவும் போகிறது.

"அறை எத்தினின்னு கொத்தனாரு கேட்டுகினே இருக்கான். எனக்கும் சேத்து ஒண்ணுன்னு மாமா இன்னம் வாயத் தொறக்கல. மரத்தடியில பொறுக்குற வரைக்கும் நான் அந்த வூட்டு பொம்பள. ஊருல எவனும் இல்லன்னு சொல்ல முடியாது. இந்த வருசம் பொறுக்கலன்னா நான் யாரும்மா அவங்களுக்கு? பக்கத்துக் குடிசைக்காரி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணுக்குத் தங்க இடம் உண்டா இல்லையா என்பதை ஒரு கொட்டை தானாக விழுகிறதா, தள்ளிவிடப்படுகிறதா என்பதை வைத்தா முடிவு செய்வது? நான் நேரில் வந்து பேசுகிறேன் என்றேன். பவானி தலையில் அடித்துக்கொண்டாள். அஞ்சலைக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் வெளிநாட்டுக்காரி வந்தால் மாமா கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சரி என்றாள்.

அன்று பகலில் பவானி என்னை வடலூருக்குக் கூட்டிப்போனாள். விழாவுக்குத் தாம்பூலப் பை வாங்க வேண்டியிருந்தது. பை வாங்கிவிட்டு அணையாத அடுப்புள்ள தருமசாலையில் சாப்பிட உட்கார்ந்தோம். யார் என்று கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. வரிசையில் வந்தோம், இலை விழுந்தது, சாம்பார் விழுந்தது. இந்த வட்டாரத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்த ஒரே சட்டம் அதுதான். ரசம் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் அஞ்சலையோடு கிளம்பினேன். மந்தாரக்குப்பத்தில் நாங்கள் ஏற வேண்டிய பஸ் எங்களைப் பார்த்தும் நிற்காமல் போனது. ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்துப் பேர், மேலே ஒரு பலாப்பழம். பலாப்பழத்துக்குச் சொந்தக்காரர் அதை என் மடியில் வைத்து, "பத்தரமா புடிச்சிக்குங்கம்மா, பால் ஒட்டும்" என்றார். ஒட்டியது. பாதி வழியில் ஆட்டோ பஞ்சர். இறங்கி நடந்தோம். சாலையோரத்தில் ஒரு கடையில் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடித்தபோது உயிர் திரும்பி வந்தது. ஈப்போவில் இந்த வெயிலுக்கு ஐஸ் கச்சாங் என்று சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் சீவலைத் தேடுவோம். கூழுக்குப் பிறகு அது நினைவுக்கு வரவில்லை.

தூரத்தில் மண்மேடுகள் தெரிந்தன. சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண், சிறு மலைபோல் நீண்டு கிடந்தது. இந்தப் பக்கம் பச்சை வயல். இரண்டுக்கும் நடுவில்தான் தோப்பு.

முந்திரி மரத்தை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. கிளைகள் தரையைத் தொடும்படி குடை கவிழ்த்திருந்தன. மஞ்சளும் சிவப்புமாகப் பழம். ஒவ்வொரு பழத்துக்கும் கீழே வெளியே தொங்கும் ஒரு கொட்டை. புளித்த இனிப்பு வாசனை. கையை நீட்டினேன். அஞ்சலை பட்டென்று தட்டிவிட்டாள். "கொட்டைப் பால் பட்டா தோலு வெந்துடும்மா." அவள் விரல் நுனிகள் ஏன் கறுத்துக் கிடந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

கலியபெருமாளை நான் ஒரு கொடுமைக்காரராகக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். வந்தவர் சிரித்த முகமாக இருந்தார். துண்டால் கயிற்றுக் கட்டிலைத் தட்டி, "வாங்கம்மா, வெயில்ல வந்துருக்கீங்க" என்று உட்காரச் சொன்னார். அவர் மனைவி தனம் சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல உயரம், பெரிய கைகள்; வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அஞ்சலையைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவரும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அம்மா, வேலி போட எப்ப வேணா வருவாங்க. இன்னிக்கோ, அடுத்த வாரமோ, எனக்குத் தெரியாது. தானா வுழட்டும்னு ஒக்காந்துகினு இருந்தா, வுழறதுக்கு மின்னாடி தோப்பே இருக்காது. முத்தனது முத்தாதது எல்லாத்தையும் எறக்கிட வேண்டியதுதான்."

"ஆனால் பெண்களுக்கு உள்ளது?"

"மரமே போவுது. மரத்தோட சட்டம் மட்டும் நிக்குமா?"

உண்மையில், அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. இதுதான் எனக்குப் பெரிய தொல்லை. கோபமாக வந்தவள் பாதியிலேயே அவர் பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வை சுட்டது.

அந்த நேரத்தில் தூரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது. "வெடி போடப் போறாங்க, பயப்படாதீங்க" என்றார் கலியபெருமாள். நான் மோர்ச் சொம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரிந்தது. கட்டில் நடுங்கியது. அடுத்த நொடி தோப்பு முழுக்கத் தொப்புத் தொப்பென்று பழம் விழுந்தது.

அஞ்சலை எழுந்து மரத்தடிக்கு ஓடினாள்.

"இரு, இரு. அது ஒன்னுது இல்ல" என்றார் கலியபெருமாள்.

"தானா வுழுந்தது மாமா!"

"தானா எங்க வுழுந்துச்சி? வெடி ஒலுக்குச்சி. வெடி வச்சது யாரு? ஆம்பளைங்கதான? ஆம்பள ஒலுக்குனா ஆம்பளைக்கு."

"காத்து அடிச்சா வுழுது. அது மாரிதான் இதுவும். யாரு மரத்துல கை வச்சா? யாரு தொரட்டி போட்டா?"

"காத்துக்கு ஆளு இல்ல. வெடிக்கு ஆளு இருக்கான்."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "நாலு எடம் பாத்தவங்க. நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் அவர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர் நினைவு வந்து தொலைத்தது. தானாக விழுவதற்குத் தனி மரியாதை உண்டு என்று நிரூபிக்க நினைத்தேன்.

"எங்க ஊர்ல டுரியான்னு ஒரு பழம். முள்ளுமுள்ளா இருக்கும். அதை யாரும் பறிக்க மாட்டாங்க, உலுக்க மாட்டாங்க. தானா விழணும், அப்பத்தான் ருசி. விழற வரைக்கும் காத்திருப்போம்!"

அஞ்சலை முகம் மலர்ந்தது. கலியபெருமாள் கன்னத்தைச் சொறிந்தார்.

"சரிங்க. வுழுந்தா யாருக்கு?"

"தோட்டத்துச் சொந்தக்காரருக்கு" என்றேன். உண்மை அதுதானே. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டுகினியா அஞ்சல? மலேசியாவுலயே அப்பிடித்தானாம்!"

அஞ்சலை மரத்தடியிலேயே குந்தினாள். அழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மண்ணைப் பார்த்தாள். இவளுக்கு உதவ வந்து இவள் அறையை நானே இடித்துவிட்டேனே. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை, எங்கள் ஊரில் எல்லாம் வேறு கணக்கு என்று ஏதேதோ உளறினேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. ஜெயித்தவர் போய்ப் பொறுக்க வேண்டியதுதானே? கலியபெருமாள் விழுந்து கிடந்த கொட்டைகளுக்கு நடுவில் போய் நின்றார். குனியவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "பொறுக்கி ஒரு பக்கம் போடேன்" என்றார்.

"ஆம்பளைதுன்னு சொன்னியே. நீயே பொறுக்கு" என்றாள் தனம். அவள் குரலை அப்போதுதான் முதல்தடவை கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மரத்தடியில் குனிந்து பொறுக்கும் ஆணை அந்த ஊர் பார்த்ததில்லை போலிருக்கிறது. "கெடக்கட்டும். தொரட்டிய எடுத்துகினு வா. இப்பவே ஆரம்பிச்சிட்றேன்" என்றார்.

தனம் வீட்டுக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். நீளமான தொரட்டி தோளில் இருந்தது. கலியபெருமாள் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், கொக்கியை நேராகப் பெரிய மரத்தின் கிளையில் மாட்டினாள்.

"ஏய்! என்னா பண்ற? பொம்பள தொரட்டி போட்டா மறுவருசம் மரம் காய்க்காதுடி!"

"மறுவருசம் மரமே கெடையாதே" என்றாள் தனம். ஒரே இழுப்பு. கிளை ஆடியது. பழங்கள் பொலபொலவென்று கொட்டின.

கலியபெருமாள் சொன்ன வார்த்தையையே அவர் பெண்சாதி எடுத்து அவர் முன்னால் வைத்திருக்கிறாள். அதற்கு அவர் என்ன சொல்வார்?

"நீ பொறந்த வூடு இது. நானும் அவளும் வாக்கப்பட்டு வந்த வூடு. ரெண்டு பேரும் இதே மரத்தடிக்குத்தான் வந்தோம்" என்றாள் தனம். பிறகு அஞ்சலையிடம் தொரட்டியை நீட்டினாள். "எழுந்து வா. அந்தண்ட மரத்துல நீ போடு. எல்லாத்தையும் நம்பளே ஒலுக்கிடலாம். எவன் வந்து என்னா சொல்றான்னு பாப்போம்."

அடித்துப் போடு அஞ்சலை என்று மனசுக்குள் கத்தினேன். அவள் எழுந்து வந்தாள். தொரட்டியைக் கையில் வாங்கினாள். கிளையை அண்ணாந்து பார்த்தாள். அதன் நுனியில் பழத்தோடு புதுப் பூவும் கொஞ்சம் இருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டுத் தொரட்டியைத் தரையில் சாய்த்தாள்.

"வேணாங்க்கா. நமக்குத் தெரியுது இதான் கடைசி வருசம்னு. மரத்துக்குத் தெரியாதுல்ல."

தனம் உடைந்து அழுதாள். எதற்கு என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. கலியபெருமாள் தொரட்டியை எடுத்தார். அதைக் கிளையில் மாட்டுவார் என்று நினைத்தேன். மாட்டவில்லை. தோளில் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலேயே சொன்னார்:

"அஞ்சல, நாளைக்கு வெடியக்காலைல வந்து மரத்தடியப் பெருக்கி வெய்யி."

எனக்கு வந்ததே ஆத்திரம்! கட்டிலை விட்டுக் குதித்து எழுந்தேன். "அவள் என்ன உங்கள் வீட்டு வேலைக்காரியா? பொறுக்கவும் விடமாட்டீர்கள், பெருக்க மட்டும்..." என்று ஆரம்பித்துவிட்டேன். தனம் ஒரு முந்திரிப் பழத்தைக் கொட்டையைத் திருகி எறிந்துவிட்டு அப்படியே என் வாயில் திணித்தாள். தொண்டையெல்லாம் கரகரத்துப் போயிற்று. பேச முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டேன். அவர் அவமானப்படுத்தியதற்கு எதற்காக இந்தச் சந்தோஷம்?

"அய்ய, அவமானமா?" என்றாள் அஞ்சலை. "கூலிக்கு வர்றவள மரத்தடியப் பெருக்க வுட மாட்டாங்கம்மா. அந்த வூட்டு பொம்பளதான் பெருக்கணும். பெருக்குனாதான் வுழறது கண்ணுக்குத் தெரியும், பொறுக்க முடியும். அப்பிடின்னா இந்த வருசம் தானா வுழ வுடறாரு. எங்க மாமா என் வூட்டுக்காரரு செத்ததுலேர்ந்து என் பேரச் சொல்லி ஒரு வேல சொன்னதில்ல. இன்னிக்குத்தான் சொன்னாரு."

"அப்போ அறை?"

"பெருக்கச் சொன்னவரு படுக்க எடம் சொல்லமாட்டாரா?" என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. எனக்கு இருந்தது. ஆனால் இந்தப் பயணத்தில் என் சந்தேகம் எதுவுமே சரியாக வந்ததில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

இன்னொன்றும் கேட்டேன். தனம் உலுக்கி விழுந்தவை தரையிலேயே கிடந்தனவே, அவை யாருக்கு? பெண் உலுக்கியது ஆணுக்கா, பெண்ணுக்கா? அஞ்சலை யோசித்தாள். பஸ் மந்தாரக்குப்பம் வரும்வரை யோசித்தாள். "அப்பிடி ஒண்ணு நடந்ததே இல்லையேம்மா" என்றாள். சுப்பையா சொன்ன அதே பதில்.

விழா நாளன்று காலையில் பவானி வீடு முழுக்க ஆட்கள். மாலை, போட்டோ, ஷிப்டு முடித்து அப்படியே வந்த சுப்பையாவின் கூட்டாளிகள், கேசரி. தொட்டி நிறையப் பாத்திரம். பவானி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து, "இந்த அஞ்சலையைக் காணோமே" என்று புலம்பினாள். கடைசியில் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தக் கணீர்க் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

"இன்னிக்கு வர முடியாதும்மா. எங்க வூட்டு மரத்தடியில எனக்கு வேல கெடக்குது."

பவானி என்னைப் பார்த்தாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரத் தொட்டியின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.